அடித்தளச் சவ்வைத் தாண்டுவது

பயாப்சி ரிப்போர்ட்டில் 'இன் சைட்டு' என்று வந்தால், புற்றுச்செல்கள் இன்னும் அடித்தளச் சவ்வுக்கு (மேலடுக்குச் செல்களை அடியிலுள்ள திசுவிலிருந்து பிரிக்கும் மெல்லிய படலம்) உள்ளேயேதான் இருக்கின்றன. பல திசுக்களில் அந்தச் சவ்வின் தடிமன் சுமார் 100 நானோமீட்டர்தான்! அதில் இரண்டு புரத வலைகள்: லாமினின் ஒரு வலை, நான்காம் வகை கொலாஜன் இன்னொரு வலை. உறுதி பெரும்பாலும் கொலாஜனுடையது.

எபிதீலியச் செல் (மேலடுக்குச் செல்) இன்டெக்ரின் என்ற பிடிப்புப் புரதம் வழியாக லாமினினைப் பற்றியிருக்கிறது. பிடி விட்டுப்போனால் ஆரோக்கியமான செல் தானே செத்துவிடும், புற்றுச்செல் பிழைத்துக்கொள்ளும். பிறகு ஆக்டின் நிரம்பிய முளையை நீட்டி, அதன் நுனியிலுள்ள எம்எம்பி14 நொதியால் கொலாஜனை வெட்டும்.

அப்படியானால் நொதியைத் தடுத்தால் போதுமே? 1990களில் மாரிமாஸ்டாட் போன்ற மருந்துகளோடு செய்து பார்த்தார்கள். மூட்டுவலிதான் மிச்சம். சோதிக்கப்பட்டவர்களில் பலருக்கு ஏற்கெனவே முற்றிய நோய். எல்லை தாண்டிய பிறகு வேலி போட்டு என்ன பயன்? தவிர, செல்கள் தள்ளியும் வழி உண்டாக்கும். பக்கத்து ஃபைப்ரோபிளாஸ்ட்கள் (இணைப்புத் திசுச் செல்கள்) சவ்வை இழுத்து இடைவெளியைப் பெரிதாக்கும்.

மார்பகத் திசுவில் ஊடுருவலைப் பார்க்க, பி63 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் மூலம் மயோஎபிதீலியச் செல்களை (மேலடுக்குச் செல்களுக்கும் சவ்வுக்கும் இடையிலுள்ள செல்கள்) தேடுவார்கள். அவை இல்லையென்றால் சந்தேகம் வலுக்கும். ஆனால் மைக்ரோகிளாண்டுலர் அடினோசிஸ் என்ற சாதுவான நிலையிலும் அவை இருக்காது. அங்கே லாமினின் சாயத்தில் சவ்வு முழுதாகத் தெரியும்.