கிரவல் சிவப்பு: வட்டக்கச்சி நாட்குறிப்பு

பெப்ரவரி 9

சாதாரண தரச் சோதனை முடிந்ததோடு மகளின் நிறப்பெட்டி அலுமாரிக்கு மேலே போய்விட்டது. நெல் வெட்டுக்கு நிற்கிறது. இரவில் பன்றிக் காவல், பகலில் பெரிதாக வேலை இல்லை. எடுத்துத் துடைத்து, படலைக்கு வெளியே நின்ற எருமையைப் படமாகக் கீறினேன்.

"அப்பா, இது எருமையோ, காண்டாமிருகமோ?"

"இரண்டு கொம்பு இருக்கே பிள்ளை."

"சில காண்டாமிருகத்துக்கும் இரண்டு இருக்கு."

படிப்பிக்கக் கூடாது இவர்களை.

பெப்ரவரி 21

இயக்கத்தில் போராளியாக இருந்தபோதும் கீறியிருக்கிறேன். வேவுக்குப் போய் வந்தால் முகாமின் படம் கீறிக் கொடுக்க வேண்டும். கம்பிவேலி, காவலரண், அதற்கு எத்தனை காலடி, எங்கே மறைப்பு. மரம் என்றால் ஒரு வட்டம், அவ்வளவுதான். அது பாலையா முதிரையா என்று யாரும் கேட்டதில்லை.

இப்போது அதுதான் பெரிய கேள்வி. பாலை இலை கரும்பச்சை, நீலம் கூடுதலாக வேண்டும். முதிரை வெளிறிய பச்சை, மஞ்சள் கேட்கும். எத்தனை வருடம் இந்த இரண்டுக்கும் கீழே படுத்திருப்பேன்! இந்த வித்தியாசம் நேற்றுத்தான் கண்ணில் பட்டது.

மார்ச் 6

வலது முழங்கை முழுதாக நீளாது. தோளுக்குள் ஒரு எறிகணைத் துண்டு இன்னும் கிடக்கிறது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளித்தான் தூரிகையை ஓட்டுகிறேன். மகளின் சித்திர ரீச்சர் இதைக் கேள்விப்பட்டு, ஹோரஸ் பிப்பின் என்று ஒருவரைத் தேடிப் பார்க்கச் சொல்லிவிட்டார். மகள் போனில் காட்டினாள்.

அமெரிக்கக் கறுப்பினச் சிப்பாய். 1888இல் பிறந்தவர். 1918இல் பிரான்சில் வலது தோளில் துவக்குச் சூடு விழுந்து கை சரியாகத் தூக்க முடியாமல் போனது. ஊருக்குத் திரும்பி, இரும்புக் கம்பியை அடுப்பில் காய்ச்சிப் பலகையில் சுட்டுச் சுட்டுப் படம் கீறியிருக்கிறார். பிறகு எண்ணெய் வர்ணம், அதுவும் இடது கை வலது கையைத் தாங்க. முதல் எண்ணெய்ப் படம் சண்டை முடிகிற காட்சி. அதற்கே மூன்று வருடம் அளவில் எடுத்ததாம். படச் சட்டத்தில் குண்டும் தொப்பியும் துவக்கும் செதுக்கி ஒட்டியிருக்கிறார். அப்போது அவருக்கு நாற்பது கடந்துவிட்டது.

எனக்கு ஐம்பது கடந்துவிட்டது. சரி, பரவாயில்லை.

மார்ச் 30

பெட்டியில் இருக்கிற சிவப்பு நம்முடைய ரோட்டுச் சிவப்பு இல்லை. மண்ணிறம் கலந்தாலும் வரவில்லை. அப்புறம் யோசித்தேன், ரோட்டையே அரைத்தால் என்ன? மண்ணிறச் சாயங்களே இரும்புத் துரு கலந்த மண்தான் என்று ரீச்சர் சொல்லியிருந்தார். ரோட்டுக்குப் போடுகிற கிரவல் மண்ணில் இல்லாத துருவா?

காட்டுக்குள் போய் மண் கிண்டவில்லை. மிதிவெடி எடுத்து முடிந்த இடம் என்று சொன்னாலும் என் கை அங்கே போகாது. ரோட்டோரத்தில், தண்ணீர் அரித்து மென்மையாக்கிய இடத்தில் அள்ளினேன். அம்மியில் அரைத்தால் மனைவி வீட்டை விட்டுத் துரத்துவாள், ஆகவே கருங்கல்லில் வைத்து உருட்டினேன். பிறகு வாளியில் கரைத்துக் கலக்கிவிட்டுக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். மணல் முதலில் அடியில் இறங்கிவிடும். மேலே சிவப்பாக நிற்கிற தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்தில் வார்க்க வேண்டும். மறுபடி அப்படியே. கடைசியில் வார்த்ததை ஒரு இரவு அசையாமல் விட்டால் அடியில் வண்டல் படியும், முகத்துக்குப் போடுகிற பவுடர் போல. அதைக் காய வைத்து எடுக்கிறது.

ஒட்டுவதற்கு விளாம்பிசின். கடைகளில் வருகிற நீர்வர்ணத்தில் கருவேலப் பிசின் வகை ஒன்று போடுகிறார்கள். விளாத்தியும் அந்த வேலையைச் செய்யும், பழைய ஆட்கள் பாவித்ததுதான். வெந்நீரில் ஊறவைத்து, துணியில் வடித்து, மண்ணோடு குழைத்தேன். காய்ந்ததும் வெடித்துப் பொரிந்தது. இரண்டு சொட்டுக் காட்டுத்தேன் விட்டேன், நின்றது.

ரோட்டைக் கீறினேன். கீறிய தாளைக் கொண்டுபோய் ரோட்டில் வைத்துப் பார்த்தேன். ஒரே நிறம். சைக்கிளில் போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏப்ரல் 24

பூவரசங் கம்புகளை மூடிய ரின்னுக்குள் அடைத்து, மூடியில் சின்ன ஓட்டை போட்டு அடுப்புக்குள் வைத்தால் நல்ல கீறுகரி வருகிறது. புகை நின்றதும் எடுக்க வேண்டும், ஆறும் வரை திறக்கக் கூடாது.

மே 18

முள்ளிவாய்க்கால் நினைவு நாளுக்குப் போய் வந்தோம். கஞ்சி குடித்தோம். கீறவில்லை.

யூன் 7

கிளிநொச்சியில் கண்காட்சி வைக்கிற பெடியள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், மரியாதையாகப் பேசினார்கள். எருமைகளையும் இரணைமடுக் குளத்து வான்கதவையும் பார்த்துவிட்டு ஒருவன் மெதுவாகக் கேட்டான், "அண்ணை, ஒரு பங்கர் கீறித் தாங்கோவன்? நீங்கள் கண்டது ஏதாவது?"

கேட்டதில் பிழை இல்லை. ஆனால் எங்களைப் போன்றவர்கள் தூரிகை பிடித்தால் அதற்குள்ளிருந்து சண்டைதான் வர வேண்டும் என்று எல்லாரும் காத்திருக்கிறார்கள். கண்ணீர் விட்டுப் பார்க்க ஒரு படம் வேண்டும். எருமையைப் பார்த்து யார் அழுவார்கள்?

பிப்பின் சண்டையை முதலில் கீறிவிட்டு, பிறகு சமையலறையும் குடும்பமும் கீறப் போனார். நான் எதிர்ப்பக்கத்தால் வருகிறேன். பங்கர் வரலாம், வராமலும் போகலாம். இப்போதைக்குக் குளத்துத் தண்ணீரில் மாலை வெளிச்சம் விழுகிற இடத்தைத் தாள் வெள்ளையாகவே விடப் பழக வேண்டும். நான் விடாமல் பூசிவிடுகிறேன்.

"எருமை இருக்கு, வேணுமெண்டால் கொண்டுபோங்கோ" என்றேன். கொண்டுபோனார்கள்.

யூன் 16

பெயர்த்துண்டில் "முன்னாள் போராளி" என்று போடட்டுமா என்று போன் பண்ணினார்கள். மகள்தான் பேசினாள். அவள் சொன்னபடி இப்படி வந்திருக்கிறது: "எருமை. கிரவல் மண், விளாம்பிசின், தேன், பூவரசங்கரி. வட்டக்கச்சி." என்னைக் கேட்கவில்லை, எனக்கும் சரிதான்.

சட்டத்துக்குக் காசு அவர்களே போடுகிறார்களாம். சிறுபோகத்துக்கு உரம் எடுக்கிற நேரத்தில் அது பெரிய உதவி.