சாவிப்பெட்டிக்காக ஒன்பது நாள்

ஸ்காட்லாந்தில் ஒரு மருத்துவமனையில் நான் நர்ஸ். 2023 குளிர்காலத்தில் எங்கள் வார்டில் 87 வயதுத் தாத்தா ஒருவர் இருந்தார். இடுப்பு எலும்பு முறிந்து வந்தவர். ஆபரேஷன் முடிந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரை நடக்க ஆரம்பித்ததும் டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்று எழுதிவிட்டார். அதற்கப்புறமும் ஒன்பது நாள் அங்கேயே கிடந்தார். அவர் வீட்டு வாசலில் சாவிப்பெட்டி இல்லை, அதுதான் காரணம். நம்பர் பூட்டுப் போட்ட சின்ன இரும்புப் பெட்டி அது. எழுந்துவந்து கதவைத் திறக்க முடியாதவர்களுக்கு, உதவிக்கு வருகிற கேரர்கள் அதிலிருந்துதான் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போவார்கள். அதை யார் மாட்டுவது என்று மருத்துவமனையும் கவுன்சில் என்கிற உள்ளாட்சியும் ஒன்பது நாள் மெயில் எழுதிக்கொண்டிருந்தன. பத்தாம் நாள் அவர் கிளம்பும்போது, முதல் நாள் தானாக எழுந்த நாற்காலியிலிருந்து எழ இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. வயதானவர்களைப் படுக்கையில் வைத்திருந்தால் தசை அவ்வளவு வேகமாகக் கரைந்துவிடும்.

அந்தக் கோபத்தில்தான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன். மருத்துவத்தையும், குளிக்க, உடுக்க உதவுவது போன்ற சமூகப் பராமரிப்பையும் ஒன்றாகச் சேர்ப்பது பற்றிய முதுகலை. முழுக்க ஆன்லைன், பகுதி நேரம், மூன்று வருடம். மொத்தம் 180 கிரெடிட். 60 எடுத்தால் சான்றிதழ், 120 எடுத்தால் டிப்ளமோ. முடியவில்லையென்றால் 60-லேயே இறங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு எனக்கு. மார்த்தாண்டத்திலிருந்து அம்மா, "மக்களே, நர்ஸா இருவது வருஷம் ஆச்சு, இன்னும் என்ன படிப்பு?" என்றாள்.

முதல் மாட்யூல் எனக்குப் பிடிக்கவில்லை. கட்டம், அம்புக்குறி, வட்டத்துக்குள் வட்டம். முதல் கட்டுரைக்கு 52 மார்க், பாஸ் 50. "விவரம் நிறைய இருக்கிறது, வாதம் எங்கே?" என்று எழுதியிருந்தார்கள். ரசம் கொதிக்கும்போது கேமராவை அணைத்துவிட்டு வகுப்பு கேட்டால் வேறென்ன வரும்!

வரலாறு வந்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிரிட்டனில் என்.எச்.எஸ். என்கிற அரசு மருத்துவச் சேவை தொடங்கியது 1948 ஜூலை 5. அதே நாளில்தான் தேசிய உதவிச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. மருத்துவம் எல்லோருக்கும் இலவசம். முதியோர் இல்லமோ கவுன்சில் கையில், கையிருப்பைப் பார்த்துக் கட்டணம். கோடு அன்றே விழுந்துவிட்டது. பிற்காலத்தில் ஒரு குளியலுக்கே சண்டை வந்தது: நர்ஸ் குளிப்பாட்டினால் 'மருத்துவக் குளியல்', இலவசம், கவுன்சில் ஆள் குளிப்பாட்டினால் 'சமூகக் குளியல்', பில் வரும். தண்ணீர் என்னவோ ஒன்றுதான்.

நான் இருக்கும் ஸ்காட்லாந்தில் இது கொஞ்சம் மாறியது. 2002-லிருந்து 65 வயது தாண்டியவர்களுக்குக் குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது போன்ற உதவி இலவசம். 2019-லிருந்து அதற்குக் குறைந்த வயதினருக்கும். 2014-ல் சட்டம் போட்டு, 2016 ஏப்ரலுக்குள் மருத்துவம், சமூகப் பராமரிப்பு என்ற இரண்டு துறைகளையும் இணைத்துவிட்டார்கள். 32 கவுன்சிலுக்கு, என்.எச்.எஸ்.ஸும் கவுன்சிலும் சேர்ந்த 31 கூட்டமைப்பு (ஸ்டெர்லிங், கிளாக்மன்னன்ஷயர் என்ற இரண்டு கவுன்சில்கள் ஒன்றைப் பங்குபோட்டுக்கொண்டன). சரி, இணைத்தாயிற்றே, சாவிப்பெட்டிக்கு ஏன் ஒன்பது நாள்? திட்டமும் பணமும் ஒரு மேசைக்கு வந்தன; ஆட்கள் வரவில்லை. எனக்குச் சம்பளம் என்.எச்.எஸ். தருகிறது, சோஷியல் வொர்க்கருக்குக் கவுன்சில். எங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அடுத்து 'தேசியப் பராமரிப்புச் சேவை' என்று பெரிதாக ஒன்றைத் தொடங்கப் போனார்கள். அதைப் பற்றி நான் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த 2025 ஜனவரியில் அரசு அதைக் கைவிட்டது. பாதிக் கட்டுரையைத் திரும்ப எழுதினேன்.

ஆனால் இந்தப் படிப்பில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம் என் குழுவில் இருந்த ஒரு சோஷியல் வொர்க்கர். வேறு கவுன்சில், வேறு ஊர். இங்கிலாந்தில் டார்பே என்கிற கடலோரப் பகுதியில், 'மிஸஸ் ஸ்மித்' என்று எண்பது தாண்டிய ஒரு கற்பனைப் பாட்டியை வைத்துக்கொண்டு, இவருக்கு எது நல்லது என்று கேட்டுக் கேட்டே சேவைகளைச் சேர்த்தார்கள். அதுபோல ஒரு நோயாளியின் பாதையை வரைய எங்கள் குழுவிடம் சொன்னார்கள். நான் வார்டிலிருந்து தொடங்கினேன், அந்த சோஷியல் வொர்க்கர் வீட்டிலிருந்து தொடங்கினாள். வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரை மணியில் வந்ததும் அவள் நிறுத்திவிட்டாள். "இந்த நேரத்தில் வார்டிலிருந்து போன் வந்தால் எங்கள் ஆபீஸில் யாரும் எடுக்க மாட்டோம். எடுத்தால், 'அவர் ரெடி, ஏன் இன்னும் கூட்டிப் போகவில்லை?' என்று ஒரு குரல் வரும். தினம் நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு கேரர். எங்கே போய்ப் பிடிப்பது?"

அந்தக் குரல் என்னுடையதுதான். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த போனைப் போட்டுக்கொண்டிருப்பவள் நான். சொல்லவில்லை, தண்ணீர் குடித்தேன்.

பெல்ஃபாஸ்ட்காரர் ஒருவரும் எங்கள் வகுப்பில் இருந்தார். வட அயர்லாந்தில் இரண்டு துறையும் 1973-லிருந்தே ஒன்று. "கல்யாணம் ஆகி ஐம்பது வருஷம். எங்கள் வார்டிலும் ஆட்கள் காத்துத்தான் கிடக்கிறார்கள், கேரர் கிடைக்காமல்" என்றார். அன்று யாரும் கூட்டமைப்பைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை. கேரர்களின் சம்பளத்தைப் பற்றித்தான் பேசினோம்.

அம்மாவுக்கு மாத்திரை வீடு தேடி வருவதை ஒருநாள் சொன்னேன். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் பெண், அம்மாவின் முதியோர் பென்ஷன் ஏன் நின்றது என்றும் விசாரித்துவிட்டுப் போகிறாள். அது அவள் வேலையில்லை. "அவளுக்கு என்ன பதவி?" என்று கேட்டார்கள். தன்னார்வலர் என்றேன்.

படிப்பு இன்னும் முடியவில்லை. ஆனால் வார்டில் ஒன்றை மாற்றியிருக்கிறோம்: நோயாளி வந்த முதல் நாளே "வீட்டுக் கதவை யார் திறப்பார்கள்?" என்று கேட்டு எழுதுகிறோம். போன வாரம் ஒரு பாட்டியிடம் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாவி பூந்தொட்டிக்கு அடியில்தான் இருக்கிறது. தெருவுக்கே தெரியும், உங்களுக்குத்தான் தெரியவில்லை" என்றார்.