பழைய மாதா கோயிலைப் பக்கச் சுவரிலிருந்து பாருங்கள்

வன்னியில் பழைய கத்தோலிக்கக் கோயில் என்றால் முதலில் மன்னார் மாவட்டத்து மடு மாதா கோயில்தான். ஒல்லாந்தர் காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்து மாதா சுரூபத்தோடு காட்டுக்குள் ஒதுங்கிய குடும்பங்கள் தொடங்கிய வழிபாட்டிடம். அங்கே புதிய கோயிலுக்கு 1872இல் பொஞ்சீன் ஆண்டகை அடிக்கல் நாட்டினார். மடுவாக இருந்தாலும் குளக்கட்டோரத்துச் சிறு கோயிலாக இருந்தாலும், முகப்பைப் படமெடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள். கட்டியவர்களின் கெட்டித்தனம் பக்கச் சுவரில் இருக்கிறது.

யன்னல் படியில் கையை வைத்தால் சுவரின் தடிப்பு விளங்கும். அந்தத் தடிப்புத்தான் மத்தியானச் சூட்டை மாலைவரை வெளியிலேயே மறித்து வைக்கிறது. யன்னல்கள் இரு பக்கமும் நேருக்கு நேர் இருப்பதால் காற்று குறுக்கே ஓடும். விறாந்தை வெயிலையும் மாரிச் சாரலையும் சுவரில் படவிடாது. மேலே பனஞ்சலாகை, அதன்மேல் ஓடு. ஓட்டிடுக்கால் சூடு வெளியேறும். ஓட்டைக் கழற்றி சீற் போட்ட கோயிலில் பத்து மணிப் பூசைக்கே வேர்த்துக் கொட்டும். கீழே சீலிங் அடித்துவிட்டால் கறையானும் ஒழுக்கும் மரம் உக்கும்வரை தெரியாது. முதலில் ஒழுகுவது முகப்புச் சுவரின் பின்புறம் கூரையைச் சந்திக்கும் மூலை. மாரிக்கு முன் அங்கே சேர்ந்த சருகை அள்ளுவது எந்தப் பெரிய திருத்த வேலையையும்விட முக்கியம்.

மிகப் பெரிய கேடு சீமெந்துப் பூச்சு. விசுவாசிகள் ஆசையோடுதான் பூசுகிறார்கள், அதனால் சொல்லவே மனம் வருத்தப்படுகிறது. சுண்ணாம்புச் சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை இழுத்து வெளியே விட்டு உலரும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே நின்ற ஈரம் மேலே ஏறும், உப்பு பூக்கும், சில வருடத்தில் பூச்சு செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு பாளம் பாளமாக விழும்.

சீமெந்தைச் சின்ன உளியால் மெல்லக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுதும் சுவரைக் காய விடுங்கள். புதுப் பூச்சுக்கு நீற்றிச் சில கிழமை ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் மூன்று பங்கு. கடல் மணல் கூடவே கூடாது. உப்பைத் திரும்பக் கொண்டுவரும். ஒரு தடவைக்கு ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் பூசாமல், முதல் படை இறுகியபின் அடுத்தது. சோளகம் என்ற தென்மேல் காற்று அடிக்கும் மாதங்களில் பூசினால் மேல்தோல் மட்டும் காய்ந்து வெடிக்கும். தை, மாசி நல்லது. அப்போதும் நனைத்த சாக்குத் தொங்கவிட வேண்டும். கடைசியில் எமல்ஷன் பெயின்ற் அடித்தால் பட்டபாடெல்லாம் வீண். தண்ணியாகக் கரைத்த சுண்ணாம்பை மூன்று நாலு தரம் அடித்தால் போதும்.