தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும் தவளையும் அதன் 26 குரோமோசோம்களும்

பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து ஊர்களில் மழை பிடித்ததும் கிணற்றுமேட்டுச் சிமெண்டுத் தொட்டிகளின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, வெள்ளை நுரை கட்டியாக ஒட்டியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதற்குள் முட்டைகள் இருக்கின்றன. சில நாட்களில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே உள்ள நீரில் விழும். அந்தக் கூட்டைக் கட்டுவது பாலிபிடேட்ஸ் மாக்குலேட்டஸ் என்னும் இந்திய மரத்தவளை. குளியலறைச் சுவரிலும் ஓட்டு இடுக்கிலும் கைகால்களை மடக்கி ஒட்டிக்கொண்டு, ஊரில் தேரை என்று பெயர் வாங்கியிருப்பதும் இதுவே.

பன்னிரண்டாம் வகுப்பில் குரோமோசோம் பாடம் நடத்தும்போது இந்தத் தவளையின் உடற்செல்களில் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் 26 உள்ளன என்றும், அமெரிக்க, ஐரோப்பிய மரத்தவளைகளில் பெரும்பாலும் 24 என்றும் கரும்பலகையில் எழுதினேன். ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், அதுவும் மரத்தவளை, இதுவும் மரத்தவளை. விரல் நுனியில் ஒட்டும் வட்டு ரெண்டுக்கும் இருக்கு. அப்புறம் எண் மட்டும் ஏன் மாறுது?” என்று கேட்டாள். மணி அடித்துவிட்டதால் அன்று அவளுக்குச் சுருக்கமாகத்தான் சொல்ல முடிந்தது. அந்தக் கேள்வி இன்னும் விரிவான விடைக்கு உரியது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்த 26ஐ எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். சாதாரண நிலையில் இருக்கும் செல்லில் குரோமோசோம்கள் நீண்டு மெலிந்து கலந்து கிடக்கும். தனித்தனியாக எண்ண முடியாது. செல் பிரியும் வேளையில்தான் அவை சுருங்கித் தடித்து உருவம் பெறும். அந்த நொடியில் பிரிதலை நிறுத்திவைக்கக் கால்சிசின் என்னும் வேதிப்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். இரட்டித்த குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்ல வேண்டிய கதிர்இழைகள் உருவாகாமல் அது தடுத்துவிடும். நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது இதே கால்சிசின்தான். மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் அதைப் பயிராகவே வளர்த்து விதையை விற்கிறார்கள். நம் வேலியோரத்துக் கொடியில் உள்ள அதே நஞ்சுதான் உலகெங்கும் உள்ள ஆய்வகங்களில் குரோமோசோம்களை எண்ண உதவியது என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். பிறகு செல்களை உப்புச்செறிவு குறைந்த கரைசலில் உப்பவைத்து, மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்த திரவத்தில் நிலைப்படுத்தி, கண்ணாடித் தகட்டில் சொட்டவிட்டு, ஜீம்சா சாயம் ஏற்றுவார்கள்.

முதுகலை படித்த காலத்தில் துறை ஆய்வகத்தில் பாதுகாத்து வைத்திருந்த ஒரு தகட்டை எண்ணெய் லென்ஸின் கீழ் பார்த்தேன். வெளிர் ஊதாப் பின்புலத்தில் அடர் ஊதாக் கோல்கள் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஓரிடம் ஒடுங்கியிருந்தது, அதுதான் சென்ட்ரோமியர். அந்த ஒடுக்கம் சிலவற்றில் நட்டநடுவிலும் சிலவற்றில் ஒரு பக்கம் தள்ளியும் இருந்ததால் கரங்களின் நீளம் வேறுபட்டது. அளவு வாரியாக ஜோடி சேர்த்தபோது ஐந்து ஜோடி பெரியவை, எட்டு ஜோடி சிறியவை என்று பிரிந்தன. பெரியவற்றில் கடைசிக்கும் சிறியவற்றில் முதலாவதற்கும் இடையிலிருந்த இடைவெளி கண்ணுக்கே தெரிந்தது. ராக்கோஃபோரிடே குடும்பத்து மரத்தவளைகள் பலவற்றுக்கும் இந்த ஐந்தும் எட்டும்தான் அமைப்பு.

இனி மாணவியின் கேள்விக்கு வருகிறேன். மரத்தவளை என்பது ஒரே வம்சத்தின் பெயரன்று. அமெரிக்கக் கண்டங்களிலும் ஐரோப்பாவிலும் பரவியுள்ள ஹைலிடே குடும்பமும், ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள ராக்கோஃபோரிடே குடும்பமும் மரமேறும் வாழ்க்கைக்குத் தனித்தனியாக வந்து சேர்ந்தவை. விரல் வட்டும் நீண்ட காலும் இரண்டிலும் தனித்தனியாகத் தோன்றியவை. உறவு என்று பார்த்தால் நம் தொட்டித் தவளைக்கு அமெரிக்க மரத்தவளையைவிட நம் வயல்வரப்பில் கத்தும் பெரிய தவளையே நெருக்கம். அந்த வயல் தவளைக்கும் குரோமோசோம்கள் 26. தோற்றம் மறைத்த உறவைக் குரோமோசோம் ஓரளவு காட்டிவிடுகிறது. ஓரளவு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: தொலைவில் உள்ள ஆஸ்திரேலிய மரத்தவளைகளிலும் பெரும்பாலும் 26தான், அவற்றின் நடுவிலேயே லிட்டோரியா இன்ஃப்ராஃப்ரெனாட்டா என்னும் ஓர் இனத்துக்கு மட்டும் 24. எண்ணை மட்டும் நம்பி உறவு சொன்னால் தவறிவிடுவோம்.

ஆனாலும், இத்தனை கோடி ஆண்டுகளில் இத்தனை தவளைகளில் எண் இவ்வளவு குறைவாகவே மாறியிருப்பது வியப்பான செய்தி. பாலூட்டிகளில் நிலைமை நேர்மாறு. கேளையாடு என்பது ஒரு சிறிய மான் வகை. இந்தியக் கேளையாட்டில் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7 குரோமோசோம்கள். அதன் நெருங்கிய உறவான சீனக் கேளையாட்டுக்கு 46. உயிர்வேதியியலாளர் ஆலன் வில்சனும் அவருடைய சகாக்களும் 1974இல் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டினார்கள். தவளைகளிலும் பாலூட்டிகளிலும் புரதங்கள் ஏறத்தாழ ஒத்த வேகத்தில் மாறினாலும் குரோமோசோம் அமைப்பு தவளைகளில் மிக மெதுவாகவே மாறுகிறது என்று கண்ட அவர்கள், உடலமைப்பு மெதுவாக மாறுவதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்றார்கள். முதல் பகுதியை நான் முழுமையாக ஏற்கிறேன். இரண்டாவது பகுதி எனக்கு ஒப்புதலில்லை. நம் மரத்தவளை கோடையில் தோலிலிருந்து கொழுப்புப் பொருளைச் சுரந்து, கைகளாலும் கால்களாலும் முதுகு, வயிறு, தலை என உடலெங்கும் தடவி நீரிழப்பைக் குறைத்துக்கொள்கிறது, நுரையில் முட்டையிடுகிறது, சுவரில் ஏறுகிறது. வயல் தவளை இவற்றில் ஒன்றையும் செய்வதில்லை. 26 அப்படியே இருக்க, வாழ்க்கை முழுவதும் மாறியிருக்கிறது.

பல தவளை இனங்களின் முழு மரபணுத்தொகுதியையும் குரோமோசோம் அளவில் ஒப்பிட்டு 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்த நிதானத்துக்கு வலுவான சான்று தந்தது. தவளைகளின் பொது மூதாதைக்கு 13 ஜோடி குரோமோசோம்கள் இருந்தன என்றும், ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தப் பதின்மூன்றின் கூறுகளை இன்றைய தவளைகளில் அடையாளம் காண முடிகிறது என்றும் அது காட்டியது. ஆப்பிரிக்காவின் ஸீனோபஸ் டிராபிகாலிஸ் தவளைக்கு 10 ஜோடிகளே உள்ளன. பழைய குரோமோசோம்கள் ஒன்றோடொன்று இணைந்ததால் எண் குறைந்தது. மரபணுக்கள் காணாமல் போகவில்லை, இருப்பிடம்தான் சேர்ந்தது. முட்டையும் விந்தும் உருவாகும்போது நடக்கும் குன்றல் பகுப்பில் தாய்வழிக் குரோமோசோமும் தந்தைவழிக் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்கேற்றம் தவளைகளில் பெரும்பாலும் முனைகளை ஒட்டியே நடக்கிறது என்பதும் அதே ஆய்வில் தெளிவானது.

விலகல்கள் இல்லாமல் இல்லை. ஹைலிடே குடும்பத்திலேயே டெண்ட்ரோப்சோஃபஸ் பேரினத்துக்கு 30, அமெரிக்காவின் அக்ரிஸ் தவளைக்கு 22, ஜமைக்காவின் ஓஸ்டியோபிலஸ் புருனியஸுக்கு 34 என்று இருக்கிறது. எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் இவற்றில் பெரும்பாலும் நடந்தது பிளவும் இணைவும்தான்; டி.என்.ஏ.வின் மொத்த அளவு அதே விகிதத்தில் மாறுவதில்லை.

முழுத் தொகுதியே இரட்டிப்பது வேறு கதை; எனக்கு மிகவும் பிடித்த கதையும் அதுவே. தவளைகளில் அது இயல்பாக நடக்கிறது என்பதை 1966இல் பிரேசிலில் பெசாக் தம்பதியும் அவர்கள் குழுவினரும் ஓடோன்டோஃப்ரைனஸ் என்னும் தரைவாழ் தவளையில் காட்டினார்கள்: 22க்குப் பதில் 44. மரத்தவளைகளில் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு வட அமெரிக்காவின் சாம்பல் மரத்தவளை. நெடுங்காலம் ஒன்றாகக் கருதப்பட்டுக் குழப்பம் தந்த அதில் உண்மையில் இரண்டு இனங்கள் உள்ளன. ஹைலா கிரைசோசெலிஸுக்கு 24 குரோமோசோம்கள். ஹைலா வெர்சிகலருக்கு 48. கிரைசோசெலிஸ் இரண்டு குரோமோசோம் தொகுதிகள் உடைய இருமயம். வெர்சிகலர் நான்கு தொகுதிகள் உடைய நான்மயம் என்பதை 1970இல் வாசர்மன் என்னும் ஆய்வாளர் வெளியிட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தால் வெளித்தோற்றத்தால் பிரித்துச் சொல்ல இயலாது. பிரித்துச் சொல்வது குரல்தான். ஆண் தவளையின் அழைப்பு என்பது விரைந்து அடுத்தடுத்து வரும் துடிப்புகளின் தொடர். ஒரே வெப்பநிலையில் இருமயத் தவளையின் துடிப்பு நான்மயத் தவளையுடையதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம்.

குரோமோசோம் இரட்டித்தால் குரல் ஏன் மெதுவாக வேண்டும்? டி.என்.ஏ. கூடினால் உட்கரு பெரிதாகும், உட்கரு பெரிதானால் செல் பெரிதாகும். தவளையின் சிவப்பணுவில் உட்கரு உண்டு என்பதால் ஒரு சொட்டு இரத்தத்தைத் தகட்டில் பரப்பி அளந்தாலே இந்த இரண்டு இனங்களையும் பிரித்துவிடலாம். குரலை உண்டாக்கும் தசையிலும் நரம்பிலும் உள்ள செல்களும் அவ்வாறே பருக்கின்றன. அந்த மாற்றம் அழைப்பின் வேகத்தைத் தொடுகிறது. இருமய மரத்தவளையில் செயற்கையாக ஒரு தொகுதியைக் கூட்டி மும்மயமாக்கியபோது ஆணின் அழைப்பு மெதுவானது. பெண்ணின் விருப்பமும் மெதுவான அழைப்பை நோக்கி நகர்ந்தது. இந்தச் சோதனையின் முடிவை முதன்முதலில் படித்தபோது நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அழைப்பவனும் கேட்பவளும் ஒரே காரணத்தால் ஒரே திசையில் மாறுகிறார்கள் என்றால், புதிய இனம் பழையதிலிருந்து பிரிவதற்கான வழி குரோமோசோம் இரட்டித்த அந்தத் தலைமுறையிலேயே திறந்துவிடுகிறது. இந்த நான்மயம் பலமுறை தனித்தனியாகத் தோன்றியது என்று முன்பு கருதினார்கள். 2022இல் வந்த விரிவான மரபணு ஆய்வோ, அது ஒருமுறை தோன்றி, பின்னர் ஆங்காங்கே இருமயத் தவளைகளோடு கலந்தது என்று முடிவுசெய்கிறது.

மாணவர்கள் அடுத்து ஆர்வத்தோடு கேட்பது ஆண், பெண் குரோமோசோம்களைப் பற்றி. மனிதரின் ஒய் குரோமோசோம் எக்ஸைவிடச் சிறுத்துப் போனது. குறுக்கேற்றம் நின்றுபோனதால் பழுதுகள் சேர்ந்து மரபணுக்களை இழந்தது. ஐரோப்பிய மரத்தவளையில் ஆணுக்கு எக்ஸ், ஒய் இருந்தும் இரண்டும் உருவில் ஒன்றாகவே உள்ளன. பரிணாம உயிரியலாளர் நிக்கோலா பெரின் 2009இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். தவளையில் குறுக்கேற்றத்தின் பரப்பை முடிவுசெய்வது மரபணு அன்று, உடல் ஆணாக வளர்ந்ததா பெண்ணாக வளர்ந்ததா என்பதே. ஒய் குரோமோசோம் உடைய கரு எப்போதாவது பெண்ணாக வளர்ந்துவிட்டால், அதன் சூலகத்தில் எக்ஸும் ஒய்யும் நீளம் முழுவதும் துண்டுகளை மாற்றிக்கொண்டு, சேர்ந்த பழுதுகள் நீங்கும். நம் தவளையின் குடும்பத்தைச் சேர்ந்த ஜப்பானின் புயர்கேரியா புயர்கேரியில் முறையே வேறு: அங்கே பெண்ணுக்குத்தான் வேறுபட்ட ஜோடி, ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும்; ஆணுக்கு இரண்டும் இசட். செல்லில் புரதம் கட்டும் ரைபோசோமுக்கு வேண்டிய ஆர்.என்.ஏ. மரபணுக்கள் திரண்டிருக்கும் பகுதி அதன் இசட் குரோமோசோமில் இருக்கிறது, டபிள்யூவில் இல்லை. வெள்ளிச் சாயம் ஏற்றினால் ஆணில் இரண்டு கரும்புள்ளிகளும் பெண்ணில் ஒன்றும் தெரியும்.

அந்த மாணவி இப்போது தொட்டியருகே கேட்கும் குரல்களைக் கைபேசியில் பதிவுசெய்ய ஆரம்பித்திருக்கிறாள். நம் மரத்தவளையின் குரல் காய்ந்த மூங்கிலை விட்டுவிட்டுத் தட்டுவது போல் இருக்கும். பதிவு செய்பவர்கள் தேதி, நேரம், ஊர் ஆகியவற்றோடு காற்றின் வெப்பநிலையையும் தவறாமல் எழுத வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். குளிரில் எல்லாத் தவளையும் மெதுவாகத்தான் அழைக்கும்; வெப்பநிலை இல்லாத பதிவை வைத்துத் துடிப்பின் வேகத்தை ஒப்பிட முடியாது. தேன்கனிக்கோட்டை மேட்டின் குளிர்ந்த இரவுக்கும் பென்னாகரத்துப் புழுக்கத்துக்கும் உள்ள வேறுபாடே குரலில் தெரியும். தவளையைப் பிடிக்கவோ நுரைக்கூட்டைக் கலைக்கவோ வேண்டாம்; தொட்டியைக் கழுவ வேண்டியிருந்தால் தலைப்பிரட்டைகளைத் தொட்டி நீரோடு சேர்த்து ஒரு வாளியில் எடுத்துவைத்து, கழுவி நிரப்பியபின் திரும்ப விட்டால் போதும்.