வலுவான அணியோட மோதினா நஷ்டமா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்ல (நம்ம கால்பந்து இல்லை) ஒரு டீமுக்கு சீசன்ல 12 ஆட்டம். கான்ஃபரன்ஸுக்கு, அதாவது டீம் சேர்ந்திருக்கற லீகுக்கு, வெளியே யாரோட ஆடறதுன்னு அவங்கவங்களே பேசி முடிச்சுக்கலாம். பெரிய டீம்கள் பல, சின்னக் கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்து வரவழைச்சு, சொந்த மைதானத்துல வெளுத்து அனுப்பும். நோகாம நோம்பு கும்பிடறது!

டெக்சாஸ் 2025 சீசனை ஆரம்பிச்சதே நடப்பு சாம்பியன் ஓஹாயோ ஸ்டேட்டோட, அதுவும் அவங்க ஊர் கொலம்பஸ்ல. 14-7 தோல்வி. கடைசியில 9-3 (9 வெற்றி, 3 தோல்வி), சாம்பியனை முடிவு பண்ற 12 டீம் பிளேஆஃப்ல இடமில்லை. அன்னைக்கு ஒரு சோப்ளாங்கி டீமோட ஆடியிருந்தா 10-2 ஆகியிருக்கும்ங்கற புலம்பல்ல நியாயம் இருக்கு. (4-8ல முடிச்ச ஃப்ளோரிடாகிட்ட தோத்ததை மட்டும் யாரும் பேச மாட்டாங்க.)

ஆனா மயாமியைப் பாருங்க. அதே வார இறுதியில நோட்ரடேமை 27-24னு ஜெயிச்சாங்க. டிசம்பர்ல ரெண்டு டீமும் 10-2ல நின்னப்போ, அந்த ஒரு ஆட்டத்தால உள்ளே போனது மயாமி. நோட்ரடேம் வெளியே.

பிளேஆஃபுக்கு டீம்களைத் தேர்ந்தெடுக்கற கமிட்டி தோல்வியை எண்ணாம, யார்கிட்ட தோத்தாங்கன்னு பார்க்கணும். இல்லேன்னா எவனும் துணிஞ்சு ஆட மாட்டான். 2026 செப்டம்பர்ல ஓஹாயோ ஸ்டேட் டெக்சாஸோட ஊரான ஆஸ்டினுக்கு வரணும். எனக்கு வேண்டியது அந்த மாதிரி ஆட்டம்தான்.