ஸ்பிதிக்குப் போகும் வழியில் ஒரு நாமக்கல் பட்டறை

பிக்கப் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் முதல் கேள்வி, "வண்டியை எத்தனை இன்ச் தூக்கியிருக்கீங்க?" என்பதாகத்தான் இருக்கும். சாமான் ஏற்றினால் பின் அச்சில் எத்தனை கிலோ விழுகிறது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இமாச்சல மலைகளில் உள்ள ஸ்பிதிக்குக் கிளம்புவதற்காக என் இசுசு வி-கிராஸ் பிக்கப்பின் பின்பக்க சஸ்பென்ஷனை, அதாவது பாரத்தையும் அதிர்வையும் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பை, மாற்றியபோது, யாரும் கேட்காத அந்தக் கேள்விதான் முழு வேலையையும் தீர்மானித்தது.

இந்த வண்டிக்கு முன்பக்கம் காயில் ஸ்பிரிங். இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். பின்பக்கம் லாரிக்கு இருப்பது போல, வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிய பட்டைக் கட்டும், ஒரே நீளமான அச்சும். காலியாக ஓட்டினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின் சீட்டுக்காரர் நம்மைத் திட்டுவார். கூடாரம், தண்ணீர், டீசல் கேன், இரண்டாவது ஸ்டெப்னி என்று ஏற்றிவிட்டால் மெத்தென்று போகும். ஆனால் மலைப் பாதையில் ஒரு நல்ல பள்ளம் வந்தால் அச்சு மேலே வந்து ரப்பர் கட்டையில் 'டொக்' என்று இடிக்கும். பின் சீட்டில் உட்காரப்போவது என் மச்சான். அவன் முதுகை நினைத்தாவது ஏதாவது செய்தாக வேண்டும்.

நாமக்கல் லாரி கட்டுகிற ஊர். பட்டை வேலை தெரிந்தவர்களுக்கு அங்கே பஞ்சம் கிடையாது. "ஒரு பட்டை சேர்த்துக் கொடுங்கண்ணா, கொஞ்சம் ஒசத்தியும் விடுங்க" என்று பட்டறைக்காரரிடம் கேட்டேன். அவர் வண்டியைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"தம்பி, ஒசரம் வேணுங்களா, பாரம் தாங்கோணுங்களா? ரெண்டும் வேற வேற வேலைங்க. மொதல்ல போயி எடை போட்டுட்டு வாங்க."

லாரி ஊரில் எடை மேடைக்கா குறைச்சல்? காலி வண்டியை ஒருமுறை, பயணச் சாமான் அத்தனையும் ஏற்றி ஒருமுறை நிறுத்தினோம். முழு வண்டி, முன் அச்சு மட்டும், பின் அச்சு மட்டும் என்று தனித்தனிச் சீட்டு. சாமானின் எடையில் பெரும்பகுதி பின் அச்சில்தான் விழுந்திருந்தது. அச்சுக்குப் பின்னால் தொங்கும் எடை நெம்புகோலாக வேலை செய்து முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கவும் செய்யும். அதனால் முதல் திருத்தத்துக்குக் காசே செலவாகவில்லை: தண்ணீர் கேனையும் கருவிப் பெட்டியையும் கேபினை ஒட்டி முன்னால் தள்ளினோம். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைக்குள் வரும்வரை மச்சானின் சாமான்களைக் குறைத்தோம். மடக்குக் கட்டில் முதலில் போயிற்று.

ஒரு பட்டை சேர்த்தால் என்ன ஆகும் என்று அப்புறம்தான் அவர் விளக்கினார். பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. இரண்டு மடங்கு தடிமனுள்ள பட்டை எட்டு மடங்கு விறைப்பாக இருக்கும். கணக்கை அவர் இப்படிச் சொல்லவில்லை. "தடிப் பட்டை ஒண்ணு போட்டா காலி வண்டி கழுத மாதிரி ஒதைக்கும்" என்றார். பழைய பட்டையை அடித்து வளைவு ஏற்றலாமே என்றேன். சூடேற்றிப் பதம் போடாமல் வெறுமனே அடித்து வளைத்தால் சீக்கிரமே பழையபடி படுத்துவிடுமாம். பட்டைக்கும் அச்சுக்கும் இடையில் இரும்புக் கட்டை வைத்துத் தூக்குவது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது அச்சு முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கெல்லாம் பட்டையில் இறங்கும் என்றார்.

இன்னொரு வழி ஏர் பேக். பட்டைக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்கும் நடுவில் காற்றுப் பையை வைத்து, பாரத்துக்கு ஏற்பக் காற்றடிப்பது. கேட்க அழகாக இருக்கிறது. பட்டைக் கட்டு சேசிஸை முன்னும் பின்னும் இரண்டு இடங்களில் தாங்குகிறது. பை நடுவில் ஒரே இடத்தில் முட்டுகிறது. பின்னால் அதிக எடையைத் தொங்கவிட்டு, பையையும் இறுக்கிக் காற்றடித்து மேடு பள்ளத்தில் ஓட்டினால் சேசிஸ் அந்த இடத்தில் வளையலாம். ஆஸ்திரேலியாவில் டபுள் கேப் (இரண்டு வரிசை சீட் உள்ள) பிக்கப்கள் இப்படி வளைந்து நிற்கும் படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் வரவழைத்தது, எங்கள் எடைச் சீட்டுக்குப் பொருந்திய நடுத்தரச் சுமைப் பட்டைக் கட்டு. மேல் பட்டைகள் மெல்லியவை, சின்ன ஆட்டத்தை அவை வாங்கிக்கொள்ளும். கீழே உள்ளவை பாரம் ஏறும்போதுதான் வேலைக்கு வரும். வண்டியின் உயரம் பெரிதாக மாறக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். வண்டியின் மூல வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், அதை வலியுறுத்திய 2019 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் ஒரு காரணம். ஈர்ப்பு மையம் மேலே போன வண்டியை, வழியில் வரும் கின்னோர் மலை வளைவுகளில் ஓட்டும் ஆசை இல்லாதது இன்னொரு காரணம்.

ஷாக் அப்சார்பரும் மாற்றினோம். என்னைக் கேட்டால் பணம் அங்கேதான் போக வேண்டும். பட்டை பாரத்தைத் தாங்கும், ஆட்டத்தை அடக்குவது ஷாக். அலை அலையாகக் கிடக்கும் மண் சாலையில் அது ஓயாமல் ஆடி அந்த ஆட்டத்தைச் சூடாக மாற்றுகிறது. உள்ளே எண்ணெய் நீர்த்து நுரைத்துவிட்டால், வளைவில் வண்டியின் பின்பக்கம் தானாக வெளியே நகரும்.

பூட்டும்போது இரண்டு விஷயங்களைக் கவனித்தேன். பட்டைக் கட்டை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யூ-போல்ட்டுகள் அத்தனையும் புதிது. ஒருமுறை இறுக்கி நீண்டதைத் திரும்பப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிள் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கியது வண்டி சக்கரத்தில் நின்ற பிறகுதான். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால் அங்குள்ள ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். கிளம்பும்போது ஒரு சென்டர் போல்ட்டை, பட்டைகளை நடுவில் துளைத்துச் சேர்த்துப் பிடிப்பதை, தாளில் சுற்றிக் கொடுத்தார். "ஆயிரம் கிலோமீட்டர்ல யூ-போல்ட்ட மறுபடி இறுக்கிப்போடுங்க. மறந்தீங்கன்னா இது வேணும்."

நாமக்கல்லில் ஏறினால் டெல்லி தாண்டியும் அதே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான். ஹைதராபாத்தைத் தாண்டி ஒரு லாரி நிறுத்தத்தில் யூ-போல்ட்டுகளை இறுக்கினோம். நாலில் மூன்று கொஞ்சம் திரும்பின. நாக்பூருக்கு வடக்கே பென்ச் காட்டில் விலங்குகள் கீழே கடந்துபோக சாலையைத் தூண் மேல் தூக்கியிருக்கிறார்கள். மச்சான் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான், ஒரு மான்கூடத் தென்படவில்லை.

சிம்லா, ராம்பூர், நாக்கோ, தாபோ, காசா வரை வண்டியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தாபோவில் கி.பி. 996இல் எழுந்த புத்த மடத்தின் மண் சுவர்களுக்குள் அரை நாள் போனது. உண்மையான சோதனை குன்சும் கணவாயை ஏறி இறங்கிய பிறகுதான். பாட்டலிலிருந்து சத்ரு வரை சுமார் 30 கிலோமீட்டருக்கு, நாங்கள் போனபோது, சாலை என்று சொல்ல எதுவும் இல்லை. சந்திரா ஆற்றங்கரையில் உருண்டைக் கற்கள், குறுக்கே பனி உருகி வரும் ஓடைகள். மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் ஏறும் என்பதால் விடிந்ததும் கிளம்பினோம். டயரில் காற்றைக் குறைத்து, நாலு சக்கரமும் இழுக்கும் தாழ்ந்த கியரான 4-லோவில் நடை வேகம்.

ஒரு ஓடையில் இடது பின்சக்கரம் இரண்டு பாறைகளுக்கு நடுவே இறங்கியது. பழைய கட்டாக இருந்திருந்தால் 'டொக்' என்றிருக்கும். இப்போது பட்டை நீண்டு, சக்கரம் தரையை விடாமல் மெதுவாக மேலே ஏறி வந்தது. மச்சான் பேச்சை நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தான். இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குத் தேவையில்லை.

அடுத்த வளைவில் சண்டிகர் பதிவெண்ணோடு ஒரு பிக்கப் வழியை அடைத்து நின்றது. நல்ல உயரம், பின் அச்சின் மேல் இரும்புக் கட்டை, கூடுதல் பட்டை வேறு. யூ-போல்ட் தளர்ந்து சென்டர் போல்ட் அறுந்து, அச்சு ஒரு பக்கம் பின்னால் நகர்ந்து, டயர் மட்கார்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. தாளில் சுற்றி வைத்த போல்ட்டை எடுத்துக் கொடுத்தேன். நல்ல காலம், விட்டம் ஒத்துப்போயிற்று. நீளம் மட்டும் போதவில்லை. அவர்கள் கூடுதல் பட்டையைக் கழற்றிய பிறகுதான் போல்ட் உள்ளே போனது. இரண்டு ஜாக்கி வைத்து அச்சை இடத்துக்குக் கொண்டுவர மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் சத்ருவுக்கு அப்பால் உள்ள ஓடையில் தண்ணீர் ஏறியிருந்ததால் அன்றிரவு சத்ருவிலேயே தங்கினோம்.

ஊர் திரும்பிச் சாமானை இறக்கிய பிறகு, காலி வண்டி முன்பைவிடக் கொஞ்சம் விறைப்பாகத்தான் ஓடுகிறது. பின் தொட்டியை மூடும் மேல்கூடும் கருவிப் பெட்டியும் எப்போதும் பின்னால் இருப்பதால் எனக்குப் பரவாயில்லை. வாரம் முழுக்க ஊருக்குள் காலியாக ஓட்டி, வருடத்துக்கு ஒருமுறை மட்டும் மலைக்குப் போகிறவர் பட்டையைத் தொட வேண்டாம். நல்ல ஷாக் இரண்டு போட்டுக்கொண்டால் பாதிச் செலவில் முடியும்.