சானி மலையடியில் ஒரு சாக்பீஸ் கணக்கு

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் மாமாவுக்கு, தென்னாப்பிரிக்காவிலிருந்து லெசோத்தோவுக்கு ஏறும் மலைப்பாதையான சானி பாஸ் ஏறிப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. எத்தனையோ பேருடைய வண்டிகளை அந்த மலைக்குத் தயார்செய்து அனுப்பிய மெக்கானிக் அவர். தான் மட்டும் ஒருமுறைகூடப் போனதில்லை. நான் பழைய ஹைலக்ஸ் பக்கி ஒன்று வாங்கியதும் (பிக்கப் வண்டிக்குத் தென்னாப்பிரிக்காவில் அதுதான் பெயர்) முதல் நெடும்பயணம் அவரோடுதான் என்று முடிவு செய்தேன்.

மாமா என்று கூப்பிடுகிறேனே தவிர, ரத்த உறவு இல்லை. நான் வேலைக்காக டர்பன் வந்தவன். அவர் கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்தவர்களின் வம்சம். மெட்ராஸிலிருந்து அந்த முதல் கப்பல் டர்பனைத் தொட்டது 1860 நவம்பரில். இத்தனை தலைமுறை கழிந்தும் அவர் வாயில் தமிழ் இருப்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

N3 நெடுஞ்சாலையில் போகும்போதே ஒன்றைக் கவனித்தேன். ஸ்பீடோமீட்டர் முள் 120 காட்டுகிறது, போனில் மேப் 108 என்கிறது. டயர் அளவு மாறியிருக்கும் என்றேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஹோவிக்கில் திரும்பி, புல்வர், அண்டர்பெர்க் தாண்டி ஹிம்வில் சேர்ந்தபோது டிராக்கன்ஸ்பர்க் மலை மேற்கே சுவர்போல நின்றது.

தங்கிய இடத்தின் பின்னால் நீளமான சிமென்ட் தரை. காலையில் மலை ஏறுவதற்கு முன் ஃபோர் வீலைப் (நாலு சக்கரமும் இழுக்கும் முறை) போட்டுப் பார்த்துவிடலாமே என்று, முன் சக்கரங்களை அச்சோடு பூட்டும் ஹப் இரண்டையும் லாக் செய்து, லீவரை இழுத்து, மெதுவாக நகர்த்தினேன். பிரேக் பிடித்த மாதிரி வண்டி முக்கியது. முன் டயர் கீச்சிட்டது.

“நிறுத்து தம்பி. ஃபோர் வீல் போட்டு வளைவுல திரும்பினா இந்த மாதிரி வண்டி இழுக்கும், அது சகஜம். நீ நேராத்தான் போற. நேராப் போகும்போது இழுத்தா வேற விஷயம்.”

லீவரை, பின் சக்கரம் மட்டும் இழுக்கும் டூ வீலுக்குத் தள்ளினால் வரவில்லை. மாமா ஒரு முன் சக்கரத்துக்கு ஜாக்கி வைக்கச் சொன்னார். சக்கரம் தரையை விட்டதும் யாரும் தொடாமலே வெடுக்கென்று திரும்பி நின்றது! அவ்வளவு முறுக்கு உள்ளே ஏறியிருந்தது. அதன்பிறகுதான் லீவர் விலகியது.

அப்புறம் சாக்பீஸ் கேட்டார். கியரை நியூட்ரலில் வைத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கல் அண்டக் கொடுத்தோம். தூக்கிய சக்கரத்தை நான் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். முன் அச்சுக்கு விசை கொண்டுபோகும் தண்டான புரொபெல்லர் ஷாஃப்ட்டில் அவர் போட்ட கோடு எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவார். ஒரு பக்கச் சக்கரம் நிற்க மறுபக்கம் இரண்டு சுற்றினால், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலுக்குள் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரம் ஒரு சுற்றுதான் சுற்றும். அதனால் இரண்டு சுற்று. கிரவுனின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் எத்தனை சுற்று என்பதுதான் விகிதம். முன்னால் நாலும் சொச்சமும். பின் சக்கரத்தைத் தூக்கி எண்ணினால் நாலரைக்குச் சற்று மேல்.

அதாவது முன்னால் 4.10: கிரவுனில் 41 பல், ஷாஃப்ட் முனையில் அதைச் சுற்றவைக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 10. பின்னால் 4.56: 41-க்கு 9. ஹைலக்ஸ் மாடலையும் எஞ்சினையும் பொறுத்து வேறுவேறு விகிதங்களில் வந்த வண்டி. எப்போதோ பின் டிஃப் கெட்டுப்போய், யாரோ வேறொரு வண்டியினுடையதை மாட்டியிருக்கிறார்கள். ஃபோர் வீல் போட்டதும், முன்னுக்கும் பின்னுக்கும் விசையை அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டு ஷாஃப்ட்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடும், நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. முன் சக்கரம் ஒரு கிலோமீட்டர் உருளும் நேரத்தில் பின் சக்கரம் 900 மீட்டர்தான் உருளும். மிச்சத்தை டயர் தேய்ந்து சரிக்கட்ட வேண்டும், இல்லையென்றால் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஏதாவது உடையும். டூ வீலில் எவ்வளவு ஓட்டினாலும் இது தெரியாது. தெரிந்த ஒரே அடையாளம் அந்த ஸ்பீடோமீட்டர் முள்தான். கியர் பெட்டிப் பக்கமிருந்து கணக்கெடுப்பதால் பத்துக்கு ஒன்று கூட்டிக் காட்டியிருக்கிறது.

டிராக்டரில் முன் சக்கரம் ஓரிரு சதவீதம் முந்தும்படி வேண்டுமென்றே வைப்பார்கள், உழுத மண்ணில் அது நல்லது என்றார் மாமா. பதினொரு சதவீதத்தை வைத்துக்கொண்டு பாறையில் ஏற முடியாது. சானியில் எல்லைச் சாவடிக்கு மேல் ஃபோர் வீல் இல்லாத வண்டியை விடவும் மாட்டார்கள். மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். மாமா முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

டர்பனில் உடைத்த வண்டிகள் விற்கும் யார்டில் 4.10 டிஃப் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். கிரவுனும் பினியனும் சேர்ந்தே தேய்ந்து பழகிய ஜோடி, ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது என்பதால் டிஃபை முழுசாகவே வாங்கினோம். மாட்டி முடித்ததும் மறுபடி சாக்பீஸ். முன்னாலும் பின்னாலும் நாலும் சொச்சமும்.

அடுத்த மாதம் போனோம். வேகம் குறைந்து விசை கூடும் லோ ரேஞ்சில், முதல் கியரில், ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் கல் தெறிக்க ஏறினோம். உச்சி 2,870 மீட்டருக்கும் மேலே. கம்பளி போர்த்திய லெசோத்தோ இடையர்கள், குளிர் காற்று, கீழே நாங்கள் வந்த பாதை கயிறு மாதிரி கிடந்தது. மாமா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டிக்குள் கை நீட்டி, இரண்டு விரலால் லீவரைத் தள்ளினார். வழுக்கிக்கொண்டு டூ வீலில் விழுந்தது.